நீலம் நிற்கவில்லை

ஆய்வுக்கூடத்தில் குடுவையைக் குலுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

கலங்கியது மெல்ல இரண்டாகப் பிரிந்தது. மேலே தண்ணீர், அடியில் குளோரோஃபார்ம். அடியில் நல்ல நீலம்.

மேலே நின்ற பியூரெட் குழாயைத் திறந்தாள். ஒரு சொட்டு. குலுக்கினாள். இன்னொரு சொட்டு.

நீலம் போய்விட்டது.

சரியான மருந்தென்றால் இவ்வளவு சீக்கிரம் போகாது. கிருமியைக் கொல்ல வேண்டிய குவாட்டர்னரி அம்மோனியம் பெயருக்குத்தான் இருந்தது. மற்றதெல்லாம் தண்ணீரும் வாசனையும்.

பச்சிளங்குழந்தைகள் வார்டைத் துடைக்கிற மருந்து. அங்கே ஒரு குழந்தை இறந்திருந்தது. இன்னும் சிலவற்றுக்குக் காய்ச்சல்.

காலையில் செய்தபோதும் இதே முடிவுதான். தலைமை ஆய்வாளர் பொன்னுரங்கத்திடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"இன்னொரு தடவ பாத்துரும்மா. யார்கிட்டயும் பேசாத."

மருந்து சப்ளை செய்யும் ரெஜினால்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாம்பிள் அனுப்பியது மருத்துவமனை. இவர் எதற்கு வந்தார்?

தண்ணீர் குடிக்க அவள் வெளியே வந்ததும் எழுந்து நின்றார்.

"மருந்து கண்ணாடியில ஒட்டிக்கிடும் மேடம். அதான் கம்மியா காட்டுது."

ஒட்டும்தான். அதற்காகவே குடுவைகளை அதே கரைசலால் முதலில் அலசியிருந்தாள்.

ஆனால், கம்மி என்று இவரிடம் யார் சொன்னது?

திரும்பிப் பார்த்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பொன்னுரங்கம் எழுதுவதுபோல் குனிந்திருந்தார். பேனா அசையவில்லை.

உள்ளே போய் வார்டுக்குப் போன் செய்தாள்.

"அந்த மருந்தத் தொடாதீங்க சிஸ்டர்."

"அது இப்ப இங்க இல்லையே மேடம். கம்பெனி ஆளுங்க வந்து எல்லா கேனையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. புதுசு வச்சிருக்காங்க."

மேசைமேல் சாம்பிள் பாட்டில். பாதிக்குமேல் இருந்தது.

இனி இது ஒன்றுதான்.

மூடியை இறுக்கினாள். துப்பட்டாவில் சுற்றிக் கைப்பைக்குள் தள்ளினாள்.

கதவு திறந்தது. பொன்னுரங்கம்.

"மிச்ச சாம்பிள் எங்கம்மா?"

"ரெண்டு தடவ செஞ்சதுல தீந்துபோச்சு சார்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கழுவும் தொட்டியைப் பார்த்தார்.

"நல்லது" என்றார்.

தலைவலி என்று விடுப்பு கேட்டாள். சொல்லி முடிக்குமுன்பே தலையாட்டினார்.

பேருந்து நிலையத்தில் அவள் ஊர் வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போய் மதுரை வண்டியில் ஏறினாள்.

மதுரையிலும் ஆய்வுக்கூடம் உண்டு. அங்கே பொன்னுரங்கத்துக்குத் தெரிந்தவர் யாராவது இருப்பார்களா என்று யோசித்தபடியே டிக்கெட்டுக்குக் கையை நீட்டினாள்.