பட்டன் மேடம்

"சார், மறுபடியும் அந்தப் பட்டன் மேடம்தான்!"

ஹெல்ப் டெஸ்க் அக்கா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். காலையிலிருந்து இது ஆறாவது போன்.

வெப் டிசைனர் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த ஆஸ்பத்திரியின் இணையதளம் அவன் கைவேலை. அதில் ஒரு வேலை அறிவிப்பு. லேப் டெக்னீஷியன், நிரந்தர வேலை, ஒரே ஒரு இடம். இன்று மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது. இப்போது மணி நாலு.

போனை வாங்கினான்.

"மேடம், என் கம்ப்யூட்டர்ல பளிச்சுன்னு தெரியுதே! படிவத்துக்குக் கீழ பச்சைக் கலர்ல 'அனுப்பு'ன்னு ஒரு பட்டன் இருக்கும், பாருங்க."

"இங்க இல்ல சார். படிவம் பாதியில நின்னுடுது. அதுக்குக் கீழ உங்க சேர்மன்தான் சிரிச்சிட்டிருக்கார்."

"பிரவுசர்ல பழைய ஹிஸ்டரி எல்லாம் அழிச்சுப் பார்த்தீங்களா?"

"ஒரு நிமிஷம் சார்..."

அந்த ஒரு நிமிஷம் நாலு நிமிஷமானது.

"அழிச்சாச்சு சார். அப்படியேதான் இருக்கு."

"சரி, பிரவுசரோட வெர்ஷன் நம்பர் என்ன?"

போனில் யாரோ ஓடும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ கிசுகிசுக்கும் சத்தம்.

"ஒரு நம்பரைப் பார்த்துச் சொல்ல இவ்வளவு நேரமா?" டிசைனர் அக்காவிடம் பல்லைக் கடித்தான். "இவங்களுக்கு மைக்ரோஸ்கோப்புல எந்தப் பக்கம் கண்ணை வைக்கணும்னாவது தெரியுமா? கடைசி நேரத்துல வந்து உயிரை வாங்குறாங்க!"

"விடுங்க சார். வேலை கிடைக்கணுமேங்கிற பதைப்பு."

அதற்குள் நம்பர் வந்துவிட்டது. டிசைனர் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஏழு வருஷப் பழசு!

"இந்த பிரவுசிங் சென்டர்ல எல்லா கம்ப்யூட்டரும் இப்படித்தான் சார். வேற இடம் தேடிப் போக நேரமில்ல."

"கீழே மருந்து ஸ்டோர்ல இதே மாதிரி ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடக்கு சார், அதுல பாருங்க," என்றாள் அக்கா.

அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். ஸ்டோர்காரரை நாற்காலியோடு தள்ளிவிட்டு விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தான்.

அந்தம்மா சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. போன வாரம் அவன் ஏற்றிய சேர்மன் படம், படிவத்தின் பாதியையும் பட்டனையும் மறைத்துக்கொண்டு சிரித்தது. புது பிரவுசரில் மட்டும் பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்று சொன்னவன் அவன்தான்.

மணி நாலு முப்பது.

மேலே ஓடினான். விரல்கள் கீபோர்டில் பறந்தன.

"படத்தைத் தூக்கப் போறேன்!"

"ஐயோ, சேர்மன் கேட்டா?"

"கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். ஸ்டோருக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க!"

"பச்சையா ஒண்ணு தெரியுதுப்பா!" ஸ்டோர்காரர் கத்தியது ரிசீவரைத் தாண்டிக் கேட்டது.

டிசைனர் பட்டன் மேடத்தைக் கூப்பிட்டான். "மேடம், ஒரு தடவை ரெஃப்ரெஷ் பண்ணுங்க!"

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். கைதட்டல் வேறு. "வந்துடுச்சு சார்! வந்துடுச்சு!"

அவன் திரையில் விண்ணப்ப எண்ணிக்கை பதினொன்றில் நின்றிருந்தது. பன்னிரண்டு ஆனது. பதின்மூன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினெட்டு!

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "இதுல பட்டன் மேடத்தோடது வந்துடுச்சா, பாருங்க சார்!"

அவருடைய போன் நம்பரைத் தட்டித் தேடினான்.

இருந்தது. ஆனால் இன்றைய தேதியில் இல்லை. அறிவிப்பு வந்த அன்றைக்கே பதிவாகியிருந்தது. முதல் விண்ணப்பமே அதுதான்.

"மேடம்... நீங்க எப்பவோ அப்ளை பண்ணிட்டீங்களே?"

"ஆமா சார். தம்பியோட லேப்டாப்புல போட்டேன், சரியா வந்துச்சு. நாங்க வேலை பார்த்த லேபை மூடிட்டாங்க. என்கூட இருந்த எட்டுப் பேரும் இங்கதான் பட்டன் தெரியாம முழிச்சிட்டிருந்தாங்க. ஒவ்வொரு கம்ப்யூட்டரா ஓடிப் பார்த்துத்தான் உங்களுக்குச் சொன்னேன்."

டிசைனர் பட்டியலை மறுபடி ஒருமுறை பார்த்தான்.

"மேடம், இருக்கிறதே ஒரே ஒரு இடம். இவங்க எல்லாரும் போட்டா உங்களுக்குத்தானே போட்டி?"

"அது இன்டர்வியூ அன்னைக்குப் பார்த்துக்கலாம் சார். இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு, இங்க ஒரு அக்காவுக்குப் போட்டோ ஏற மாட்டேங்குது... என்ன பண்ணணும், சீக்கிரம் சொல்லுங்க!"