அம்மாவுக்கு ஒரு விசா

“எங்க அப்பா செத்ததுக்கு சர்டிபிகேட் வேணும் அண்ணாச்சி. ஒரு மனு எழுதித் தரணும்.”

தென்காசி தாலுகா அலுவலகத்துக்கு எதிரே, தகரக் கூரைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்த, மனு எழுதும் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். நின்றவனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். நல்ல சட்டை, நல்ல வாட்ச். முகம்தான் மூன்று நாள் தூங்காத முகமாக இருந்தது. காலையிலிருந்து விழுந்த சாரலில் நனைந்துகொண்டே வந்திருந்தான்.

“உக்காருங்க தம்பி. எப்போ தவறினாரு?”

“அது ஆச்சு, இருபத்தாறு வருசம். எனக்கு அப்போ மூணு வயசு.”

“இத்தன வருசம் இல்லாம இப்ப எதுக்கு?”

இப்படிக் கேட்பதெல்லாம் மனு எழுதுகிறவர்களுக்குச் சகஜம். சொந்தக்காரரிடம் சொல்லாததைக்கூட ஜனங்கள் இவர்களிடம் சொல்லிவிடுவார்கள்.

“நான் துபாயில சூப்பர்வைசரா இருக்கேன். அம்மாவுக்கு என் ஸ்பான்சர்ல ரெசிடென்ஸ் விசா எடுத்து கூட்டிட்டுப் போகணும். அம்மா மட்டும்னா அப்பாவோட இறப்புச் சான்று வேணும்னு அங்கன விசா பேப்பர் ரெடி பண்ற டைப்பிங் சென்டர்ல சொல்லிட்டாங்க.”

“அம்மா இங்கன இருந்தா என்ன?”

“சுரண்டையில தனியா இருக்கா. சுகர் வேற. போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவ ஒடைக்கிற வரைக்கும் ரெண்டு மணி நேரம் ஈரத் தரையிலயே கெடந்திருக்கா. நான் அந்நேரம் அங்கன மெஸ்ல உக்காந்து பிரியாணி தின்னுட்டு இருந்திருக்கேன் அண்ணாச்சி.” அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “வெள்ளிக்கிழமை எனக்கு பிளைட்டு. இப்ப விட்டா அடுத்த லீவுக்கு ரெண்டு வருசம் ஆகும். அதுவரைக்கும் அவ தாங்க மாட்டா.”

பெரியவர் காகிதத்தை எடுத்தார். “உங்க பேரு?”

“லிங்கேஸ்வரன்.”

“அம்மா பேரு?”

“முப்பிடாதியம்மாள்.”

“அப்பா?”

“நமசிவாயம்.”

பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தார். மறுபடியும் உதறினார். சாரல் ஈரத்தில் எதுதான் ஒழுங்காக வேலை செய்கிறது? மேசை டிராயரில் துழாவி வேறு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

“எப்படி இறந்தாரு?”

“குத்தாலத்துல. சீசன் நேரம். மெயின் அருவியில திடீர்னு வெள்ளம் வந்து இழுத்துட்டுப் போயிட்டு. உடம்பு கெடைக்கல.”

“பாத்தவங்க யாரும் உண்டா?”

“அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். யாரோ ஒரு பச்சப்புள்ள தண்ணியில போறதப் பாத்துட்டு காப்பாத்தக் குதிச்சாராம். அப்படிப்பட்ட மனுசன்னு சொல்லிச் சொல்லித்தான் என்னய வளத்தா.”

“அப்படியா சொன்னாங்க?”

“ஆமா. ஒரு நாளும் அவரப்பத்திக் கொறையா ஒரு வார்த்த சொன்னது கெடையாது.”

பெரியவர் பேனாவை மூடி வைத்தார்.

“உடம்பு கெடைக்கலன்னா சர்டிபிகேட் லேசுல வராது தம்பி. போலீஸ்ல பதிஞ்சிருக்கணும். இல்லாட்டி கோர்ட்டுக்குப் போகணும். வருசக்கணக்கா இழுக்கும்.”

லிங்கேஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“டைப்பிங் சென்டர்ல வேற வழி எதுவும் சொல்லலியா?”

“சொன்னாங்க. அப்பா, அம்மா ரெண்டு பேரையும் சேத்துக் கூட்டிட்டு வரலாம். இல்லாட்டி, பிரிஞ்சு இருக்காங்கன்னா அப்பாவே ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் கொடுக்கணும். செத்தவருகிட்ட எங்கன போயி எழுதி வாங்க?”

“அதுவும் சரிதான்,” என்றார் பெரியவர். பிறகு தலை நிமிராமலே கேட்டார். “இந்தத் தெருவுல ஏழெட்டுப் பேரு மனு எழுதுதாங்க. என்கிட்ட எப்படி வந்தீங்க?”

“அம்மாதான் அனுப்பினா. தகரக் கூரைக்குக் கீழ, நரைச்ச தாடி வச்சவரு ஒருத்தரு இருப்பாரு, எத்தன நேரமானாலும் இருந்து அவரு கையாலயே எழுதி வாங்கிட்டு வான்னா. அவ்வளவு ராசியான கை போல.”

பெரியவர் சிரிக்கவில்லை.

“போயி அம்மா ஆதாரையும் உன் பாஸ்போர்ட்டையும் ஜெராக்ஸ் எடுத்துட்டு வா. அப்படியே ஒரு டீ குடி. மொகம் வாடிக் கெடக்கு.”

அதுவரை ‘வாங்க, போங்க’ என்று பேசியவர் ஒருமைக்கு இறங்கிவிட்டதை லிங்கேஸ்வரன் கவனிக்கவில்லை. கவலையில் இருப்பவனுக்கு யார் உரிமையோடு பேசினாலும் ஆறுதல்தான்.

ஜெராக்ஸ் கடையில் கூட்டம். அவன் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. பெரியவர் எழுதி முடித்து, மை காய்ந்ததும் மடித்து, சாரல் படாமல் மேல்துண்டுக்குக் கீழே வைத்திருந்தார். எடுத்து நீட்டினார்.

“இது முத்திரைத்தாள்லா அண்ணாச்சி? மனுவுக்கு வெள்ளத்தாள் போதும்னாங்களே?”

“நீ கேட்ட மனுவ நான் எழுதல. இது செல்லும். வெள்ளிக்கிழமைக்குள்ள காரியம் முடியும். உங்க அம்மாவக் கூட்டிட்டுப் போயி நல்லா பாத்துக்கோ.”

“சரி, நான் எங்கன கையெழுத்துப் போடணும்?”

“நீ போட வேண்டாம். போட்டாச்சு.”

குழப்பத்தோடு தாளைப் பிரித்து, குண்டு குண்டான எழுத்தில் இருந்ததைப் படிக்க ஆரம்பித்தான் லிங்கேஸ்வரன்.

‘சுரண்டை முப்பிடாதியம்மாளின் கணவனும் லிங்கேஸ்வரனின் தகப்பனுமான நமசிவாயம் ஆகிய நான் உயிரோடு இருக்கிறேன் என்றும், இருபத்தாறு வருடங்களுக்கு முன் அவர்கள் இருவரையும் நிர்க்கதியாக விட்டுவிட்டு வந்த எனக்கு, மகன் தன் தாயை அழைத்துக்கொண்டு போவதில் ஆட்சேபணை சொல்ல எந்த அருகதையும் இல்லை என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.’