தேரடிப் பல் டாக்டர்

‘அண்ணன் இன்றைக்கும் அதைத்தான் கேட்கப்போகிறார்’ என்று நினைத்துக்கொண்டாள் அப்ரோஸ் பேகம். வாசலில் செருப்பை உதறிய வேகத்திலேயே தெரிந்தது.

“ஏட்டி, நீ சொன்னியேன்னு ஸ்ரீவில்லிபுத்தூர்ல தேரடியைச் சுத்தி நாலு பல் ஆஸ்பத்திரி ஏறி இறங்கிட்டேன். ஒருத்தனும் உன்னையத் தெரியாதுங்கான். அவன் பேரைச் சொல்லு.”

“மொதல்ல உக்காருங்கண்ணே. ஃபேனைக் கூட்டி வைக்கேன்.”

போன மாதம் வரை அந்த வீட்டில் ஃபேன் ஓடியதில்லை. காற்றுப் பட்டாலே அவளுடைய இடது கன்னத்தில் கரண்ட் அடித்ததுபோல் வலிக்கும். பேச முடியாது, மெல்ல முடியாது. பல்வலி என்று நினைத்து ஒன்று, பிறகு இன்னொன்று, அதன்பிறகு மூன்றாவதும் பிடுங்கியாயிற்று. வலி மட்டும் போகவில்லை. கடைசியில் மதுரையில் சொன்னார்கள், பல்லில் ஒன்றுமே இல்லை என்று. முகத்துக்கு வரும் நரம்பை மூளைக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அழுத்திக்கொண்டிருந்ததாம். காதுக்குப் பின்னால் சின்னதாய் ஒரு துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, ரத்தக்குழாயை விலக்கி, நடுவில் பஞ்சு மாதிரி ஒரு துண்டை வைத்தார்கள். கண் விழித்தபோது கன்னம் வெறும் கன்னமாக இருந்தது.

“நல்ல பல்லு மூணைப் புடுங்கியிருக்கான்! நான் சவுதியில கெடந்தேன், கேக்க ஆளில்லைன்னு நெனச்சானா? அவன் போர்டைக் கழட்டாம விடமாட்டேன்” என்றார் பிச்சை முகம்மது.

“அவிய வேணும்னா செஞ்சாவ? எனக்கும் பல்லுவலி மாதிரிதான இருந்துச்சு. பொறவு, இது பல்லு இல்ல, உடனே மதுரைக்குப் போங்கன்னு சொன்னதும் அவியதான்.”

“அவியளாம், அவிய! மூணு பல்லைக் குடுத்துட்டு மரியாதை வேற.”

அவருடைய மகள் சனா டீ கொண்டுவந்தாள். அத்தாவின் முகத்தைப் பார்க்காமலே கிளாஸை நீட்டினாள்.

“இந்தா, இவளும் அதே படிப்புதான். இம்புட்டு நாள் அடுத்தவுக கிளினிக்ல நின்னா. வெள்ளிக்கிழமை சொந்தமாத் தொறக்கா. இவ கையில இப்படி ஒரு தப்பு நடக்குமா?”

அப்ரோஸ் பேகம் டீயை ஊதிக்கொண்டே இருந்தாள்.

“சிரிக்கும்போது பொக்கையாத் தெரியுது உனக்கு. பாத்தா என் வயிறு எரியுது” என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது. அரை கிளாஸ் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். “நாளைக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் பாக்கேன். அங்க ரெண்டு பேர் இருக்கானுவளாம்.”

அவர் தெருமுனை திரும்பும்வரை சனா ஜன்னலருகே நின்றாள்.

“மாமி, அத்தாவை இன்னும் எத்தனை நாள் இந்த வெயில்ல அலைய விடுவீங்க? அந்த மூணு பல்லையும் புடுங்குனது நாந்தான்னு சொல்லிருங்க. கிளினிக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

அப்ரோஸ் பேகம் அவளுடைய வலது கையை எடுத்து, இரண்டு வருடமாக யாரையும் தொடவிடாத தன் இடது கன்னத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு, மாட்டேன் என்று மெதுவாகத் தலையசைத்தாள்.