குணசேகரனுக்கு நற்சான்று

“டேய், குணசேகரனுக்குப் பொண்ணு வீட்லேருந்து ஆள் வந்திருக்குடா!”

மணிவேல் மாடிப்படியில் நின்று கத்தியதும் கடற்கரைச் சாலை ஆண்கள் விடுதி சுறுசுறுப்பானது. காலி பீர் பாட்டில்கள் கட்டிலுக்கு அடியில் போயின. சுவரிலிருந்த நடிகைக்கு மேல் முருகன் காலண்டர் ஏறியது.

சுனாமி வீடு கட்டும் வேலைக்காகக் காரைக்காலுக்கு வந்து சேர்ந்த பன்னிரண்டு பேர் அங்கே தங்கியிருந்தார்கள். ஒருவன் தும்மினால் மற்ற பதினொரு பேரும் மாத்திரை நீட்டுவார்கள். இந்த விடுதியில் யாருக்கும் ரகசியமே கிடையாது என்பதில் அவர்களுக்கு அப்படியொரு பெருமை!

போன மாதம் இப்படித்தான் தியாகராசனைப் பற்றி விசாரிக்க ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். “அவன் இல்லாம எங்க தண்ணிக் கச்சேரியே களைகட்டாதுங்க” என்று எவனோ பாசத்தில் உளறி, அந்தச் சம்பந்தம் அன்றைக்கே முறிந்தது. முப்பத்திரண்டு வயது குணசேகரனுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று எல்லோரும் ஒரே முடிவாக இருந்தார்கள்.

வந்தவர் பெயர் வைத்தியலிங்கம். லால்குடிப் பக்கமாம். வெள்ளை வேட்டி, கையில் ஒரு தூக்கு.

“பொண்ணுக்கு அப்பாங்களா?” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான் மணிவேல்.

“ஆமா தம்பி. அவரு இல்லீங்களா?”

“கருக்களாச்சேரி சைட்டுக்குப் போயிருக்காரு. வர்ற நேரந்தான். எதுன்னாலும் எங்ககிட்ட கேளுங்க.”

“அதிரசம் கொண்டாந்தேன். எள்ளு போட்டா அவரு தொட மாட்டாரு, அதான் போடல.”

“பாத்தியா, அதக்கூட விசாரிச்சு வச்சிருக்காங்க” என்று பக்கத்திலிருந்த காஜா நஜ்முதீனின் காதைக் கடித்தான் மணிவேல்.

“குடி கிடி?” என்றார் வைத்தியலிங்கம்.

“கோயில் தீர்த்தத்தக்கூட மோந்து பாத்துட்டுத்தாங்க குடிப்பாரு.”

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டில் உருண்டு வந்தது. காஜா அதைக் காலால் உள்ளே தள்ளினான்.

“லீவே தர மாட்டாங்களாமே?”

“யாரு சொன்னா? வாராவாரம் ஞாயித்துக்கிழம லீவுதாங்க. பீச்சுல எங்களோட வாலிபால் ஆடுவாரு. தீவாளிக்கு எட்டு நாள் விட்டாங்க, எல்லாரும் ஊட்டிக்குப் போனோம்!”

“தீவாளிக்கு... ஊட்டிக்கு?”

“டூரு ஏற்பாடே அவருதாங்க!”

“இங்க குடும்பத்தோட தங்க வீடே கெடைக்காதுன்னு கேள்விப்பட்டேன்.”

சம்பந்தம் கைநழுவிப் போய்விடுமே என்று காஜா குறுக்கே பாய்ந்தான். “வீட்டுக்கா பஞ்சம்? எதுத்த தெருவுலயே மூணு வீடு பூட்டிக் கெடக்கு. உங்க பொண்ணு ராணி மாதிரி இருக்கலாம்.”

வைத்தியலிங்கத்தின் முகம் கறுத்தது. பாவம், மகளைப் பிரியப்போகிற கவலை என்று இவர்களே அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள்.

“போன்ல யாரோடயாவது பேசுவாரா?”

“பொம்பளக் கொரலே ஆவாதுங்க அவருக்கு. தெனம் சாயங்காலம் ஒரு ராங் நம்பர் வரும். பாத்ததும் செல்லயே ஆஃப் பண்ணிடுவாரு. அவ்ளோ ஒழுக்கம்!”

மணிவேலுக்கு அதுவும் போதவில்லை. நெஞ்சில் கைவைத்து முத்தாய்ப்பு வைத்தான். “இந்த விடுதியில கல்யாணம் ஆனவங்களுக்கு எடமே கெடையாதுங்க. குணசேகரன் சொக்கத் தங்கம். எந்தப் பொண்ணையும் ஏறெடுத்துப் பாத்ததில்ல. அதுக்கு நாங்க பன்னெண்டு பேரும் கேரண்டி!”

பன்னிரண்டில் குணசேகரனும் ஒருவன் என்பது அந்த வேகத்தில் அவனுக்கு மறந்துவிட்டது.

வைத்தியலிங்கம் எழுந்தார். விறுவிறுவென்று வாசலுக்குப் போய், தெருமுனையில் நின்ற ஆட்டோவைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“பொண்ணையே கூட்டிட்டு வந்துட்டாருடா!” பூரித்துப்போன மணிவேல் அவசரமாகத் தலையை வாரிக்கொண்டான்.

ஆட்டோ வந்து நின்றதும் வைத்தியலிங்கம் உள்ளே குனிந்து சொன்னார்:

“விசாலாட்சி, புள்ளையத் தூக்கிக்கிட்டு எறங்கும்மா. ஒம் புருஷனுக்கு இன்னும் கல்யாணமே ஆவலியாம்!”