சூடு தாங்கும் தகடு

பந்தயத்துக்கு முந்தின நாள் அமுதினி தன் காரில் புது எக்ஸாஸ்ட் குழாய்களை மாட்டி முடித்திருந்தாள். வேடிக்கை பார்க்க வந்த எதிரணி மெக்கானிக் பொன்னுரங்கம், பானெட்டுக்குள் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"அம்மணி, பெட்ரோல் ஹோஸு எக்ஸாஸ்ட் குழாய ஒட்டிப் போவுது பாரு. நாலு ரவுண்டு சுத்துனா பத்திக்கும்."

அவளும் குனிந்து பார்த்தாள். அவர் தங்கள் காருக்கென்று வைத்திருந்த வெப்பம் தடுக்கும் தகட்டை எடுத்துவந்து இரண்டுக்கும் நடுவே வைத்து முடுக்கினார். குழாய்களுக்குச் சூடு தாங்கும் நாடாவும் சுற்றிக்கொடுத்தார்.

மறுநாள் இருபது சுற்றும் ஓடி இரண்டாவதாக வந்தாள். இறங்கியதும் முதல் வேலையாக ஹோஸைத் தொட்டுப் பார்த்தாள், கை சுடவில்லை. கோப்பையைத் தூக்கிக் கூச்சலிட்ட எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து, பொன்னுரங்கத்தைத் தேடிப் பிடித்துக் கும்பிட்டாள்.

"ஜெயிச்சது நாங்கதான, நீ எதுக்குக் கும்புடற?" என்று சிரித்தார் அவர்.

"நான் முழுசா வீட்டுக்குப் போறனுங்ண்ணா" என்றாள்.