ரெண்டு ஷாக் லாரி

“இருக்கிறதைக் கழட்டிப் போடுறதுதான் இந்தக் காலத்து மெக்கானிக் வேலை!” ஆயில் மாற்ற நேற்று விட்டுப்போன லாரியை எடுக்க வந்த பெரியவர், மருமகனின் பட்டறையில் நின்று கத்தினார். முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஷாக் அப்சார்பர் வைத்த பழைய லாரி அது. அதைக் கழட்டி மாற்றலாம் என்று மருமகன் சொன்னதற்குத்தான் இந்தக் கத்தல்.

“ரெண்டு இருக்கிறதாலதான் மாமா, விறைச்சுக்கிட்டுத் தூக்கிப் போடுது. தோதா ஒண்ணு போதும். முதுகு ஆபரேஷன் பண்ண அத்தை, இந்த லாரியிலன்னா உங்களோட வீட்டுக்கே வரலைங்கிறாங்க.”

“கழட்டி எடைக்குப் போடப் பார்க்கிறியா?”

“சரி, அத்தையோட ஒரு சுத்து போயிட்டு வாங்க. வலிச்சா அப்புறம் பேசுவோம்.”

பக்கத்தில் நின்றிருந்த பெரியவரின் மனைவி மறுபேச்சில்லாமல் ஏறினாள். குண்டும் குழியுமான தெருவைச் சுற்றிவிட்டு வந்து இறங்கினாள்.

“துளிகூட வலிக்கலை.”

“கேட்டியா மாப்பிள்ளை? ரெண்டு ஷாக்குன்னா இப்படித்தான்!”

“நேத்தே மாத்தியாச்சு. நான்தான் மாத்தச் சொன்னேன்” என்றாள் மனைவி. “பழசு நாலும் அதோ மூலையில கிடக்கு.”

பெரியவர் குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தார். ஒன்றுதான் இருந்தது.

“நான் இன்னிக்கு மெதுவா ஓட்டினேன், அதான்” என்றவர், பழைய ஷாக்குகளை அக்குளுக்கு இரண்டாக இடுக்கிக்கொண்டு, லாரியை அங்கேயே விட்டுவிட்டு நடையைக் கட்டினார்.