மூன்றே முக்காலுக்கு நின்ற கடிகாரம்

அன்று அந்த வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். கட்டிலில் மாலக்கி, எண்பத்தொரு வயது, உயிர் இல்லை. பக்கத்து நாற்காலியில் அவர் மகன் டாரா. அடுக்களையில் மாலக்கியின் தங்கை டீலியா. அடுப்போரம், ஆறு வருடமாக அவரைப் பார்த்துக்கொண்ட நூலா. வாசலில் தொப்பியைக் கையில் வைத்தபடி நான், ஊர் போலீஸ் சார்ஜென்ட்.

டாக்டர் அவரைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. அப்படிப்பட்ட சாவை மரண விசாரணை அதிகாரிக்குச் சொல்லியே ஆக வேண்டும். அவருக்காக விசாரித்து எழுதுவது என் வேலை.

வெளியே மூடுபனி. அடுப்புப் புகையும் அதுவும் கலந்து, வீடே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தது. சுவர்க் கடிகாரம் மூன்றே முக்காலில் நின்றிருந்தது. ஒருவர் இறந்ததும் ஜன்னலைத் திறந்து உயிரை வெளியே விடுவதும், கடிகாரத்தை நிறுத்துவதும் எங்கள் ஊர் வழக்கம்.

"இறந்தது மூணே முக்காலுக்கா?" என்றேன்.

"ஆமா," என்றாள் நூலா.

"பொய்," என்றாள் டீலியா.

நூலா எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான் வந்தது ரெண்டரைக்கு," என்றாள் டீலியா. "வழியில வரும்போதே பார்த்தேன், ஜன்னல் விரியத் திறந்து கெடந்துது. மார்ச் மாசக் குளிர்ல, உயிரோட இருக்குறவனுக்கு யாராவது ஜன்னலைத் திறப்பாங்களா? என்னை உள்ளயே விடலை. இங்க உக்கார வெச்சு ரொட்டிக்கு வெண்ணெய் தடவச் சொன்னா. முப்பத்தாறு துண்டு. எதை மறைக்கிறா, கேளுங்க சார்ஜென்ட்."

"உங்க குரலுக்கு அவர் முழிச்சுக்குவாருன்னுதான்," என்றாள் நூலா.

"வாயைப் பாருங்க. டாராகிட்டயும் சொல்லத்தான் போறேன்."

துண்டுகளை எண்ணிப் பார்த்தேன். முப்பத்தாறுதான். டீலியா கணக்கில் தவறுகிறவள் இல்லை. இறந்த நேரத்தைப் பற்றிப் பொய் சொன்னாள் என்று ஆனால், நூலாவுக்கு இனி எந்த வீட்டிலும் வேலை கிடைக்காது. வழக்கும் வரலாம்.

அறைக்குள் போனேன். டாரா அப்பாவின் வலது கையைப் பிடித்திருந்தான். தூக்கத்தில் பேசுகிறவன்போலப் பேசினான்.

"பதினொரு வருஷமா பேச்சு இல்லை சார். மூணு அஞ்சுக்கு பஸ்ல வந்து சேர்ந்தேன். 'தூங்குறாரு, ஆனா காது கேக்கும், பேசுங்க'ன்னாங்க நூலா. எல்லாத்தையும் சொன்னேன். 'மன்னிச்சிரு அப்பா'ன்னேன். நாப்பது நிமிஷம். கடைசி வரைக்கும் கை சூடா இருந்துது."

போர்வையைச் சற்று ஒதுக்கினேன். கம்பளிக் காலுறைக்குள் ஒரு வெந்நீர்ப் பை, ஆறிப்போய். கால்மாட்டில் இல்லை. வலது கைப் பக்கம்.

மறுபடி மூடிவிட்டேன்.

நூலாவைக் கொல்லைப்புறத்துக்குக் கூப்பிட்டேன். "ஜன்னலை எத்தனை தடவை திறந்தே?"

பனியைப் பார்த்தபடி சொன்னாள்.

"ரெண்டு தடவை. முதல் தடவை ரெண்டு இருபதுக்கு. பஸ் சத்தம் கேட்டதும் மூடிட்டேன். காலையிலேர்ந்து மூணு தடவை கேட்டாரு சார், 'நூலா, பஸ் வந்துச்சா'ன்னு. டீலியாம்மாவை உள்ள விட்டிருந்தா அழுது ஊரைக் கூட்டியிருப்பாங்க. அந்தப் பிள்ளை யார்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கும்?"

பின்னால் தட்டு இடிபட்டது. ரொட்டித் தட்டோடு டீலியா கதவருகில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

திரும்பி அறைக்குள் போனாள். அவள் குரல் மட்டும் கேட்டது.

"மூணே முக்காலுக்குத்தான்டா போனான் உங்கப்பன். கடிகாரத்தை நானே பார்த்தேன். ரொட்டி சாப்பிடு."

விசாரணை அதிகாரிக்கு நடந்ததை நடந்தபடியே, இறந்தது இரண்டு இருபதுக்கு என்றே எழுதினேன். இதயம் நின்றுபோன இயற்கையான சாவு, வேறு கேள்வி இல்லை என்று பதில் வந்தது. வீட்டில் யாரிடமும் நான் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை.

கடிகாரத்துக்கும் என் காகிதத்துக்கும் நடுவே மிச்சம், எண்பத்தைந்து நிமிடம்.